தாமதமாகப் போய்ச் சேர்ந்த தலையாட்டல்

வருடம் இரண்டாயிரத்து மூன்றா நான்கா என்பதில் எனக்கு இப்போது குழப்பம் இருக்கிறது. நாளில் குழப்பம் இல்லை. விஜயதசமி. கொல்கத்தாவில் துர்கை சிலைகளை ஆற்றில் கரைக்கக் கொண்டுபோகும் நாள். பகல் இரண்டரை மணிக்கு, நகரின் தென்பகுதியில் இருந்த ஒரு மருத்துவமனையின் இரண்டாவது மாடியில், ஜன்னலே இல்லாத ஓர் அறையில் நான் தனியாக உட்கார்ந்திருந்தேன்.

நான் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் விட்டதால் வந்த வினைதான் இந்தக் கதை முழுவதும். அப்பா விழுப்புரம் பக்கத்திலிருந்து இங்கே துறைமுகத்துக்கு மூட்டை தூக்க வந்தவர். கையெழுத்துப் போட வேண்டிய இடத்திலெல்லாம் பெருவிரலை வைப்பவர். காளிகாட்டில் ஒரு சந்துக்குள் ஒற்றை அறையில் இருந்தோம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஜாதவ்பூர் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்தேன். அந்த மருத்துவமனையில் டெலிமெடிசின் அறைக்கு டெக்னீஷியனாக வேலை கிடைத்தது. அப்பா அதை அக்கம்பக்கத்தில், "பையன் டாக்டருங்களோட வேலை செய்யறான்" என்று சொல்லுவார். சந்துக்காரர்கள் அதையும் சுருக்கி என்னை "டாக்டர்" என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். நான் மறுத்ததில்லை. கேட்க நன்றாகத்தான் இருந்தது.

டெலிமெடிசின் என்றால் அப்போது பெரிய விஷயம். சுந்தரவனத்துத் தீவு ஒன்றில் சின்ன சுகாதார நிலையம் இருந்தது. அங்கே ஒரு கேமரா, ஒரு டிவி, கூரை மேல் ஒரு டிஷ். எங்கள் மருத்துவமனை மொட்டை மாடியில் இன்னொரு டிஷ். தீவில் நோயாளியைக் கேமரா முன்னால் உட்கார வைத்தால், இங்கே பெரிய டாக்டர்கள் திரையில் பார்த்து மருந்து சொல்வார்கள். வேலை நாட்களில் காலை பதினொன்றிலிருந்து மாலை நான்கு வரை. நான்கு மணிக்கு டாக்டர்கள் கிளம்பிவிடுவார்கள். மிஷினை மட்டும் நாங்கள் அணைப்பதில்லை. அணைத்தால் மறுநாள் சாட்டிலைட்டைப் பிடிக்கப் பாதி நாள் போய்விடும். அதனால் அது எப்போதும் விழித்துக்கொண்டிருக்கும், அந்தப் பக்கத்திலிருந்து அழைப்பு வந்தால் தானாகவே எடுத்துக்கொள்ளும். நான்கு மணிக்கு மேலோ விடுமுறையிலோ அழைப்பு வந்தால் யார் பதில் சொல்வது என்று அதுவரை யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

பூஜை நான்கு நாளும் மிஷினுக்குக் காவல் எனக்குத்தான் விழும். "உனக்கென்னப்பா பூஜை? நீ மெட்ராஸி. பொங்கலுக்கு லீவு கேளு, தர்றோம்" என்பார் மேலாளர். பொங்கலுக்குக் கேட்டால், "அன்னிக்கு இங்க யாருக்கும் லீவு இல்லையே" என்பார். ஆனால் ஆயுத பூஜை எங்களுக்கும் உண்டு. "மிஷினுக்கு ஒரு பொட்டாவது வெச்சிட்டு வாடா, சோறு போடறது அதுதானே" என்று அம்மா சந்தனத்தையும் குங்குமத்தையும் பொட்டலம் கட்டிக் கொடுத்திருந்தாள். முதல் நாள் நவமியன்று, இரண்டு திரைகளில் பெரியதன் கண்ணாடி நடுவில் சந்தனத்தை வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தேன். இரண்டு திரை என்றேன் அல்லவா? பெரியதில் தீவு தெரியும். பக்கத்திலிருக்கும் சின்னதில் நம் முகமே தெரியும், அந்தப் பக்கத்தார் நம்மை எப்படிப் பார்க்கிறார்கள் என்று நாம் தெரிந்துகொள்வதற்காக.

மிஷின் சூடாகக் கூடாது என்பதற்காக அறையில் ஏ.சி. கடுமையாக ஓடும். டாக்டர் ஒருவர் விட்டுப்போன வெள்ளைக் கோட்டு ஒன்று ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கும். குளிருக்கு அதை எடுத்துப் போட்டுக்கொள்வேன். குளிருக்கு மட்டும்தானா என்றால், சின்னத் திரையில் என்னை அந்தக் கோட்டில் பார்ப்பது எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

அன்று மருத்துவமனையே வெறிச்சோடியிருந்தது. இரண்டாவது மாடியில் வெளிநோயாளிப் பிரிவுகள் எல்லாம் பூட்டு. தெருவில் ஊர்வலத்து மேளங்களின் அதிர்வு அந்தத் தடித்த சுவர் வழியாகச் சத்தமாக வராமல், காலடியில் தரை துடிப்பதுபோல வந்துகொண்டிருந்தது. அம்மா கட்டிக்கொடுத்த புளியோதரையைப் பிரித்தேன். அப்போது பெரிய திரை தானாக வெளிச்சமானது.

முதலில் வெறும் சதுரங்கள்தான் தெரிந்தன. சாட்டிலைட் படம் அப்போதெல்லாம் அப்படித்தான் வரும். அசைகிற எதையும் அதனால் சரியாகக் காட்ட முடியாது. நடக்கிறவர்கள், கையை ஆட்டுகிறவர்கள் எல்லாம் சதுரம் சதுரமாகச் சிதறி, பின்னால் ஒரு வாலை இழுத்துக்கொண்டு ஆவிகளைப்போல அலைவார்கள். அசையாமல் இருப்பது மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்து, பளிச்சென்று நிற்கும். அன்று நான்கைந்து ஆவிகள் ஒரு கட்டிலைச் சுற்றி அலைந்தன. கட்டிலில் படுத்திருந்தவர் மட்டும் துல்லியமாகத் தெரிந்தார். முப்பது வயது இருக்கும். தாடி மயிர்கூட எண்ணிவிடலாம்போல அவ்வளவு தெளிவு. நான் கண்ணாடியில் வைத்த சந்தனமும் குங்குமமும் சரியாக அவர் நெற்றியில் போய் உட்கார்ந்திருந்தன. நம் ஊரில் யாருக்கு அப்படிப் பொட்டு வைத்துப் படுக்க வைப்போம் என்று உங்களுக்குத் தெரியும். எழுந்து போய்ச் சட்டையால் அதைத் துடைத்தேன்.

"டாக்டர்பாபு! டாக்டர்பாபு, இருக்கீங்களா?" வங்காளியில் ஒரு பெண் குரல். அந்த நிலையத்தின் நர்ஸ். எனக்குப் பழக்கமான நர்ஸ் இல்லை, பூஜை விடுமுறைக்காக வேறு ஊரிலிருந்து மாற்றாக வந்தவர் என்பது பேச்சில் தெரிந்தது. அங்கிருந்த டாக்டரும் டெக்னீஷியனும் ஊருக்குப் போயிருந்தார்கள். கேமராவை எப்படிப் போடுவது என்று சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தைப் பார்த்துப் போட்டிருக்கிறார். கட்டிலில் இருந்தவர் படகுத்துறையில் வேலை செய்பவர். விடியற்காலையில் வயிற்று வலி என்றாராம். பிறகு கண்ணைத் திறக்க முடியவில்லை என்றாராம். பிறகு பேச்சும் குழறிப்போனதாம். படகில் கொண்டுபோகலாம் என்றால் ஓடையில் தண்ணீர் வற்றியிருக்கிறது, கடல் தண்ணீர் உள்ளே ஏறுகிற ஏற்றம் வர மாலையாகும்.

"தீதி, ரெண்டு நிமிஷம் இருங்க" என்றேன். தீதி என்றால் வங்காளியில் அக்கா. நான் டாக்டர் இல்லை என்பதையும் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஒரே ஒரு வார்த்தைதான். அவசரத்தில் விட்டுவிட்டேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

கீழே எமர்ஜென்சிக்கு ஓடினேன். ஒரே ஒரு இளம் டாக்டர். ஊர்வலத்தில் லாரியிலிருந்து விழுந்தவர்கள் தரையில் வரிசையாகக் கிடந்தார்கள். நான் மூச்சிரைக்கச் சொன்னதைக் கேட்டுவிட்டு, தையல் போடுவதை நிறுத்தாமலே, "ஆள் எங்கே?" என்றார்.

"திரையில இருக்கார் சார்."

"திரையில இருக்கறவனுக்கு நான் எப்படி ஊசி போடறது? தரையில இருக்கறவனையே பார்க்க முடியல. போ, மேல டாக்டர் லிஸ்ட் இருக்கும், ஃபோன் பண்ணு."

அவர்மேல் தப்பில்லை. மேலே வந்து லிஸ்ட்டில் இருந்த வீட்டு எண்களுக்கு அடித்தேன். முதல் வீட்டில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. இரண்டாவது வீட்டில் ஒரு வேலைக்காரப் பெண், எல்லோரும் சிலை கரைக்கப் போய்விட்டார்கள் என்றாள். மூன்றாவதாக எடுத்தவர் லேக் கார்டன்ஸில் இருந்த ஒரு பெண் டாக்டர். மயக்க மருந்து கொடுக்கும் நிபுணர். மேடம் என்றுதான் நான் அவரைக் கூப்பிடுவேன். அவர் வாசலிலேயே ஊர்வலம் நின்றது. ஃபோனில் மேளமும் சங்கும் காதைப் பிளந்தன.

"நான் வந்து சேர ரெண்டு மணி நேரம் ஆகும் தம்பி. ஃபோனை வைக்காதே. நீ பார்த்துச் சொல்லு. கண் இமை எப்படி இருக்கு?"

நான் தீதியிடம் கேட்டுவிட்டுச் சொன்னேன். "மூடியிருக்கு மேடம். விரலால தூக்கினா மெல்லத் திரும்ப விழுது."

"நேத்து ராத்திரி எங்க படுத்தான்?"

"தரையில. பாய் விரிச்சு."

"கடிச்ச தடம்?"

"எங்கயும் இல்லையாம்."

"இருக்காது" என்றார் மேடம். குரல் மாறிவிட்டது. "காலாச். தூக்கத்துல கடிக்கும், கொசு கடிச்ச மாதிரிகூட இருக்காது." நம் ஊரில் கட்டுவிரியன் என்போமே, அதுதான். விஷமுறிவு மருந்து ஃபிரிட்ஜில் இருக்கும், சலைனில் கலந்து உடனே ஏற்றச் சொன்னார். மூச்சு நின்றால் முகமூடி வைத்த ரப்பர் பையைக் கையால் அமுக்கிக் காற்றுக் கொடுக்கச் சொன்னார். அதையெல்லாம் நான் வங்காளியில் மைக்கில் சொல்லச் சொல்ல, தீதி, "சரி டாக்டர்பாபு, சரி டாக்டர்பாபு" என்றார். ஃபோனும் மைக்கும் ஒரே மேஜையில் இருந்ததால் சத்தம் எதிரொலித்து வீறிட்டது. மேடம் பேசும்போதெல்லாம் மைக்கின் ஊமைப் பொத்தானை அமுக்கிக்கொண்டேன். அமுக்கினால், மறுபடி அமுக்கும் வரை அதில் ஒரு சிவப்பு விளக்கு எரியும்.

"இதைக் கேட்டுக்க" என்றார் மேடம். "கொஞ்ச நேரத்துல அவன் செத்தவன் மாதிரியே இருப்பான். டார்ச் அடிச்சாலும் கண்மணி அசையாது. குத்தினாலும் அசையமாட்டான். அதை நம்பக் கூடாது. உள்ளே அவன் முழிச்சுக்கிட்டு இருப்பான், எல்லாம் காதுல விழும். பையை அமுக்கறதை நிறுத்தவே கூடாதுன்னு அந்தப் பொண்ணுகிட்ட சொல்லு."

சொல்ல வாயெடுத்தேன். திரை கறுத்துவிட்டது.

லைன் போவது புதிதில்லை. ஆனால் அன்று அதைத் திரும்பப் பிடிக்கப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆனது. கறுத்த திரையில் வெள்ளைக் கோட்டு போட்ட என் நிழல்தான் தெரிந்தது. காதில் ஃபோன், ஃபோனுக்குள் தசமி மேளம். மேடம் நிமிடத்துக்கு ஒருமுறை, "வந்துச்சா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

வந்தது. மறுபடியும் சதுரங்கள், ஆவிகள். கட்டிலில் அதே மனிதர், முன்பைவிடத் தெளிவாகத் தெரிந்தார். அவரிடம் அசைவு என்று எதுவும் மிச்சமில்லை என்பதால்தான் அந்தத் தெளிவு. அவர் முகத்தின்மேல் பையை வைத்து யாரோ அமுக்கிக்கொண்டிருந்தார்கள். தீதி கேமராவுக்கு நேராக வந்தார்.

"டாக்டர்பாபு, நான் பேசறது கேக்குதா?"

நான் அப்போது ஃபோனில், "மேடம், படம் வந்துடுச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். வாய் அங்கே இருந்ததால், கேட்கிறது என்று தலையை நன்றாக மேலும் கீழும் ஆட்டினேன். இங்கே ஆட்டியது சாட்டிலைட் ஏறி இறங்கி அங்கே போய்ச் சேர ஏறக்குறைய இரண்டு வினாடி. அவர் பேசுவது என்னிடம் வருவதற்கும் அவ்வளவு நேரம். பதிலுக்குக் காத்திருக்க வேண்டும் என்று பழகியவர்களுக்குத் தெரியும். இந்தத் தீதிக்கு இது முதல் நாள். அவர் காத்திருக்காமல் அதே மூச்சில் அடுத்ததைக் கேட்டுவிட்டார். "டார்ச் அடிச்சுப் பார்த்துட்டேன், கண்மணி அசையல. கிள்ளினாலும் ஒண்ணுமில்ல. முடிஞ்சு போச்சு, இல்லையா?"

இந்தக் கேள்வி என் காதில் விழுந்தபோது என் தலையாட்டல் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டது.

சின்னத் திரையில் நான் என்னைப் பார்த்தேன். வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவன் நிதானமாகத் தலையாட்டி முடித்திருந்தான்.

பெரிய திரையில், பையை அமுக்கிக்கொண்டிருந்த கைகள் நின்றன. தீதி திரும்பி யாரிடமோ ஏதோ சொன்னார். கட்டிலின் கால்மாட்டில் ஒரு பெண் வாயைப் பிளந்து நின்றாள். சத்தம் வரவில்லை. வாய் திறந்து உறைந்துபோன அந்த முகத்தை நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் அலறல் தனியாக, பின்னால் வந்து சேர்ந்தது. அது கட்டிலில் கிடந்தவரின் மனைவி. யாரோ ஒரு போர்வையை அவர் காலிலிருந்து மேலே இழுத்தார்கள்.

"நிறுத்தாதீங்க! அமுக்குங்க!" என்று கத்தினேன். ஒருவரும் திரும்பவில்லை. இரண்டு வினாடி காத்தேன். நான்கு வினாடி. மறுபடி கத்தினேன். அந்தப் பெண் மார்பில் அடித்துக்கொள்வதும், போர்வை இடுப்பைத் தாண்டுவதும் தெரிந்தது. வேறொரு உலகத்திலிருந்து இந்த உலகத்துக்குக் கத்திக்கொண்டிருப்பவன் மாதிரி நான் கத்திக்கொண்டே இருந்தேன். என்ன மொழியில் கத்தினேன் என்றும் தெரியாது. ஃபோனில் மேடம், "என்ன ஆச்சு? என்ன ஆச்சு?" என்று கேட்பது எங்கோ கேட்டது.

போர்வை மார்புக்கு வந்தபோதுதான் அதைப் பார்த்தேன். அவருடைய கழுத்தின் இடது பக்கத்தில் ஒரே ஒரு சதுரம் மாறிக்கொண்டிருந்தது. முகம் முழுவதும் வரைந்து வைத்ததுபோல நிற்க, அந்த இடம் மட்டும் மங்கும், தெளியும், மங்கும், தெளியும். மிஷின் எனக்குத் தெரியும். அசைவு இல்லாத இடத்தில் அது ஒரு புள்ளியைக்கூட மாற்றாது.

"மேடம், கழுத்துல ஒரு சதுரம் அசையுது!"

"சதுரமா? என்ன சதுரம்?" என்றார். அடுத்த நொடியே புரிந்துகொண்டு கத்தினார். "நாடி! அது நாடிடா! இருதயம் ஓடுது! அமுக்கச் சொல்லு!"

அப்போதுதான் மேஜையில் அந்தச் சிவப்பு விளக்கு கண்ணில் பட்டது. மைக் ஊமையாகவே இருந்தது. லைன் போவதற்கு முன்னால் நான் அமுக்கியது.

பொத்தானை மறுபடி அமுக்கி விளக்கை அணைத்துவிட்டு, "தீதி, அவர் உயிரோட இருக்கார்! கழுத்தைத் தொட்டுப் பாருங்க!" என்றேன். இரண்டு வினாடி. அந்த ஆவிகள் எல்லாம் ஒரே நேரத்தில் கேமராவின் பக்கம் திரும்பியது எனக்கு இன்னமும் கனவில் வருகிறது. தீதி போர்வையை உதறிவிட்டுக் கழுத்தில் கை வைத்தார். பையை எடுத்தார்.

காற்று இல்லாமல் அவர் கிடந்தது எவ்வளவு நேரம்? மேடம் பிறகு கேட்டபோது, ஒரு நிமிடம் இருக்கலாம் என்றேன். எனக்கு உண்மையில் தெரியாது.

அதன் பிறகு நான் எண்ணினேன். நாலு எண்ணிக்கைக்கு ஒருமுறை அமுக்க வேண்டும் என்றார் மேடம். பதற்றத்தில் அவர்கள் வேகமாக அமுக்கினார்கள், அதனால் நான் மைக்கில் எண்ணிக்கொண்டே இருந்தேன். வங்காளியில்தான் ஆரம்பித்தேன். எப்போது தமிழுக்கு மாறினேன் என்று தெரியவில்லை. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. மொழி தெரியாவிட்டாலும் நாலாவது ஒலிக்கு அங்கே கை அமுங்கியது. தீதி களைத்ததும் அங்கிருந்த கடைநிலை ஊழியர் வாங்கினார், பிறகு கட்டிலில் கிடந்தவரின் மனைவியே வாங்கினாள். அழுகையை நிறுத்திவிட்டு, கேமராவையே முறைத்துக்கொண்டு, அவள் நாலுக்கு நாலு அமுக்கியதை என்னால் மறக்க முடியாது. இடையில் இரண்டு முறை லைன் போனது. போனபோதும் நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

ஏற்றம் வந்ததும் துர்கையைக் கரைத்துவிட்டுத் திரும்பிய படகு ஒன்றில் அவரை ஏற்றினார்கள். பையை அமுக்கிக்கொண்டேதான் தூக்கிப்போனார்கள். மூச்சு மிஷின் இருக்கிற ஊர் ஆஸ்பத்திரிக்கு மூன்று மணி நேரப் பயணம். எல்லோரும் போன பிறகு கேமராவை அணைக்க அங்கே யாருமில்லை. காலிக் கட்டில் மட்டும் திரையில் மிகத் தெளிவாகத் தெரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

மேடம் இன்னும் லைனில் இருந்தார். "ஒண்ணு கேக்கறேன். அந்த நர்ஸ் ஏன் பையை விட்டா?"

சொன்னேன்.

"நீ டாக்டர் இல்லைன்னு அந்தப் பொண்ணுக்குத் தெரியுமா?" என்றார். நான் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். அவர் திரும்பக் கேட்கவில்லை, ஃபோனை வைத்துவிட்டார்.

பூஜை விடுமுறை முடிந்து அந்தத் தீதி தன் ஊருக்குப் போய்விட்டார். படகுத்துறைக்காரர் பிழைத்துவிட்டார் என்று தீவிலிருந்து செய்தி வந்தது. எல்லோரும் என்னைத் தட்டிக் கொடுத்தார்கள். காளிகாட் சந்தில் அப்பா அதை எல்லோரிடமும் சொன்னார். தலையாட்டியதை மட்டும் நான் வீட்டில்கூடச் சொல்லவில்லை.

குளிர் ஆரம்பித்திருந்த ஒரு மதியம், அறைக் கதவைத் தட்டிவிட்டு ஒருவர் உள்ளே வந்தார். தீவில் பிழைத்த அவர்தான். நரம்பு டாக்டரைப் பார்க்க வந்தவர், அப்படியே அறையைத் தேடி வந்திருக்கிறார். மெலிந்திருந்தார், நடை மட்டும் கொஞ்சம் இழுத்தது. திரையில் அவ்வளவு தெளிவாகப் பார்த்த முகம், நேரில் பேசும்போதும் சிரிக்கும்போதும் எனக்கு முதலில் அடையாளமே தெரியவில்லை. பின்னால் அவர் மனைவி. அவள் என்னைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றாள்.

"இவர்தான்" என்றாள். "இவர்தான் தலையாட்டினது."

நான் எழுந்து நின்றேன். அன்று என் மேல் கோட்டு இல்லை. "நான் டாக்டர் இல்லம்மா" என்றேன். "மிஷின் பார்க்கறவன். கேக்குதான்னு கேட்டாங்க, அதுக்குத் தலையாட்டினேன். அதுக்குள்ள அடுத்த கேள்வி வந்துடுச்சு."

"அப்போ அந்த வெள்ளைக் கோட்டு?"

"குளிருக்குப் போட்டது."

அவள் ஒன்றும் புரியாதவள்போலக் கணவனைப் பார்த்தாள், பிறகு என்னை. "என் புருஷன் செத்துட்டான்னு டாக்டர் சொன்னா நம்பலாம். நீ யாரு சொல்றதுக்கு?" என்றாள். அதுவரை இருந்த மரியாதை போய், வங்காளியில் சின்னவர்களைக் கூப்பிடும் "துயி" வந்துவிட்டது. அது எனக்கு நியாயமாகத்தான் பட்டது.

அவர் அவளைக் கையமர்த்தினார். "விடு, அவரும் பயந்துட்டார்." நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, ஊர்க் கதை சொல்வதுபோலச் சொன்னார். "எனக்கு எல்லாம் கேட்டுச்சு பாபு. டாக்டர்பாபு தலையாட்டிட்டார்னு நர்ஸ் சொன்னது, இவ அலறினது, போர்வை ஏறினது எல்லாம். நான் உள்ள இருந்து கத்தறேன், விரல்நுனிகூட அசைய மாட்டேங்குது. அப்புறம் யாரோ புரியாத பாஷையில எண்ண ஆரம்பிச்சாங்க. சரிதான், செத்தவங்க ஊர்ல இந்தப் பாஷைதான்போலன்னு நினைச்சேன். எங்க படகுத்துறை மாதிரி அங்கயும் தலையை எண்ணித்தான் ஏத்துவாங்கபோல."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை. என்னாலும் முடியவில்லை.

போக எழுந்தவர் திரும்பி நின்றார். "ஒண்ணு கேக்கட்டுமா? எப்படித் தலையாட்டினீங்க, ஒரு தடவை காட்டுங்களேன். அன்னிக்கு அங்க இருந்தவங்க எல்லாரும் பார்த்திருக்காங்க. நான் ஒருத்தன்தான் பார்க்கல."

அவர் கேலிக்குக் கேட்கவில்லை. கோபமும் இல்லை. தன் சாவு எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டு நின்றார். நான் முயன்றேன். கழுத்து இறுகிப்போய், ஒரு விரற்கடை அளவுகூட அசையவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, விடுங்க பாபு" என்று சொல்லி, மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்துபோனார்.

மறுநாள் மேலாளரிடம் எழுத்தில் கொடுத்தேன், நடந்ததையும், நான்கு மணிக்கு மேலும் விடுமுறையிலும் அந்த மிஷினுக்கு முன்னால் ஒரு டாக்டர் வேண்டும் என்பதையும். என் குடும்பத்தில் எவராவது எழுதிய முதல் புகார் அதுவாகத்தான் இருக்கும். டாக்டர் வரவில்லை. "நேரம்: 11 முதல் 4 வரை" என்று ஒரு பலகைதான் வந்தது. சில வருடத்தில் நான் வேறு வேலைக்கு மாறிவிட்டேன்.

இப்போதும் தெரியாதவர்கள் யாராவது என்னைப் பார்த்து "சார், டாக்டர்" என்று கூப்பிட்டு ஆரம்பித்தால், அவர்கள் அடுத்த வார்த்தை பேசுவதற்குள் நான் யார் இல்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும் என்று என் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. அந்த இரண்டு வினாடிக்குள் போர்வை எவ்வளவு தூரம் ஏறிவிடும் என்பதை நான் பார்த்திருக்கிறேன்.